சாகவிருப்பவர்கள்: ‘மொரிதூரீ’ என்ற லத்தீன் சொல்லின் பொருளும் திரிபும்

கேள்வி இதுதான்: ‘ஹவே இம்பெராதொர், மொரிதூரீ தே ஸலூதந்த்’ என்ற புகழ்பெற்ற லத்தீன் தொடரைப் ‘பேரரசே வாழ்க, சாகப்போகிறவர்கள் உம்மை வணங்குகிறார்கள்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். இதில் ‘மொரிதூரீ’ என்பது வினைமுற்றா, பெயரா? ‘சாகப்போகிற’ என்ற எதிர்காலம் அந்தச் சொல்லின் எந்தப் பகுதியில் இருக்கிறது? கடைசியில் ‘ஈ’ ஏன் வந்தது? ஒரே ஒருவர் சொன்னால், அல்லது பெண்கள் சொன்னால், அது எப்படி மாறும்?

சுருக்கமாகச் சொன்னால், மொரிதூரீ வினைமுற்று அன்று. ‘சா’ என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்து, காலத்தையும் காட்டிக்கொண்டு, பெயரைப் போல வேற்றுமையும் ஏற்கும் ஒரு சொல் அது. ஆண்பால், பன்மை, எழுவாய் வேற்றுமை ஆகிய மூன்றையும் அந்த ஈறாகிய ‘ஈ’ ஒன்றே காட்டுகிறது. எதிர்காலம் நடுவிலுள்ள ‘தூர்’ என்ற பகுதியில் இருக்கிறது. ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் அந்தச் சொல்லின் உயிரான பகுதியை விட்டுவிடுவோம். அது குறிப்பது ‘நாளை நடக்கும்’ என்ற வெறும் எதிர்காலம் இல்லை. சாவை நோக்கி நிறுத்தப்பட்டிருக்கும் இப்போதைய நிலையைத்தான் அது குறிக்கிறது. இந்த வணக்கத்தைப் பெற்ற ரோமானியப் பேரரசனான கிளாடியஸ் அதற்குச் சொன்ன மறுமொழி இந்த நுட்பத்தைப் பிடித்தால்தான் புரியும். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எழுத்துமுறையைப் பற்றி ஒரு குறிப்பு. லத்தீனில் உயிரெழுத்தின் குறில், நெடில் வேறுபாடு பொருளையே மாற்றும். ஆனால் வழக்கமான லத்தீன் எழுத்து அதைக் காட்டுவதில்லை. தமிழ் எழுத்து காட்டும். எகர, ஒகரக் குறில் நெடில்களை எழுத்திலேயே தெளிவாகப் பிரித்துக் காட்டும் இன்றைய வழக்கம் வீரமாமுனிவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. தமிழ் இலக்கணத்தை லத்தீன் மொழியில் எழுதி, 1738இல் தரங்கம்பாடியில் அச்சில் வரக் கண்டவரும் அவரே. அவர் வழியிலேயே இங்கே நெடில் வருமிடத்தில் நெடிலையும் குறில் வருமிடத்தில் குறிலையும் எழுதுகிறேன். இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும் தகரத்தை மட்டும் ‘பத்து’ என்பதில் உள்ளது போல வன்மையாக ஒலித்துப் படிக்க வேண்டும்.

இந்த வகைச் சொல்லை லத்தீன் இலக்கணிகள் ‘பார்திகிபியும்’ என்று அழைத்தார்கள். பங்கு கொள்வது என்பது அதன் பொருள். பெயரின் இயல்பிலும் பங்கு கொள்கிறது, வினையின் இயல்பிலும் பங்கு கொள்கிறது என்பதால் அந்தப் பெயர். கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் வாரோ, சொற்களை நான்காகப் பகுத்தார்: வேற்றுமை ஏற்பவை, காலம் காட்டுபவை, இரண்டும் உடையவை, இரண்டும் இல்லாதவை. மூன்றாவது வகைதான் பார்திகிபியும். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தப் பகுப்பு புதிதாக இருக்காது. ‘வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது நினையுங் காலைக் காலமொடு தோன்றும்’ என்று தொல்காப்பியர் வினைக்கு வரையறை சொன்னார். அந்த வரையறையில் பாதியை ஏற்றுப் பாதியை மீறுகிற சொல்லும் தமிழில் உண்டு. காலம் காட்டும், வேற்றுமையும் கொள்ளும். அதைத்தான் வினையாலணையும் பெயர் என்கிறோம். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்ற குறளில் வரும் ‘அகழ்வாரை’ என்பதில் அகழ்தல் என்ற வினை இருக்கிறது, காலம் இருக்கிறது, பலர்பால் இருக்கிறது, அதன் மேல் இரண்டாம் வேற்றுமை உருபும் இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இலக்கண மரபுகள், பெயருக்கும் வினைக்கும் நடுவில் நிற்கும் ஒரு சொல்லைப் பற்றி ஒரே அளவுகோலைப் பயன்படுத்தியிருப்பதை நான் எப்போதும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

ஆயினும் இரண்டையும் அப்படியே ஒன்றாக்கிவிடக் கூடாது. லத்தீனில் இந்தச் சொல் அடிப்படையில் பெயரடை. பெயருக்கு முன்னோ பின்னோ நின்று அதைத் தழுவும். தழுவும்போது அந்தப் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றையும் தானும் ஏற்கும். தமிழில் அந்த வேலையைச் செய்வது பெயரெச்சம். அது எதையும் ஏற்பதில்லை: சாகும் மன்னன், சாகும் அரசி, சாகும் மன்னனுக்கு, சாகும் மரங்களை என்று எல்லா இடத்திலும் ‘சாகும்’ மாறாமல் நிற்கும். பெயர் மறைந்து அந்தச் சொல்லே பெயராக நிற்கும்போதுதான் தமிழ் பாலையும் எண்ணையும் வேற்றுமையையும் அதன் மேல் ஏற்றுகிறது. லத்தீனில் பெயர் உடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வடிவம் ஒன்றே. ஆகவே ‘மொரிதூரீ’ என்பதை ஒரு பெயரைத் தழுவி வருமிடத்தில் பெயரெச்சமாகவும், தனித்து நிற்குமிடத்தில் வினையாலணையும் பெயராகவும் மொழிபெயர்க்க வேண்டும். நமது தொடரில் அது தனித்து நிற்கிறது.

இனிச் சொல்லின் அமைப்பு. ‘மொரியொர்’ என்பது ‘சாகிறேன்’. இது ஒரு வினோதமான வகை வினை. வடிவத்தில் செயப்பாட்டு வினை, பொருளிலோ செய்வினை. லத்தீன் கற்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். தமிழில் இதற்கு ஓரளவு ஒத்த உதாரணம் உண்டு. ‘அடிக்கப்பட்டான்’ என்பதில் ‘படு’ செயப்பாட்டைக் காட்டுகிறது. ‘ஆசைப்பட்டான்’, ‘கோபப்பட்டான்’, ‘பாடுபட்டான்’ என்பவற்றிலும் அதே ‘படு’ இருக்கிறது, ஆனால் அவன்தான் ஆசை கொண்டவன், அவன்தான் உழைத்தவன். வடிவம் ஒன்று காட்ட, பொருள் வேறொன்றாக இருக்கிறது. மொரியொர் அந்த வகை.

இந்த வினையிலிருந்து மூன்று பார்திகிபியும்கள் பிறக்கின்றன; இனி அவற்றை எச்சங்கள் என்றே சொல்கிறேன். ‘மொரியேன்ஸ்’ என்பது நிகழ்காலம்: சாகின்ற, செத்துக்கொண்டிருக்கிற. ‘மொர்துயுஸ்’ என்பது இறந்தகாலம்: செத்த, இறந்துபோன. ‘மொரிதூருஸ்’ என்பது நாம் பேசும் எதிர்கால வடிவம். இவற்றோடு ‘மொரிபுந்துஸ்’ என்ற பெயரடையும் உண்டு. நம் பேச்சில் ‘சாகக் கிடக்கிறான்’ என்கிறோமே, அதுதான் அதன் சரியான பொருள். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருப்பவன் மொரிபுந்துஸ். திடகாத்திரமாக, வாளேந்தி, நிமிர்ந்து நிற்பவனும் மொரிதூருஸ் ஆகலாம். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

‘மொர்’ என்ற வேர் நமக்கு அந்நியமானதும் அன்று. வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட மரணம், மிருத்யு என்ற சொற்களின் வேரும் இதுவும் ஒரே மூலத்தில் பிறந்தவை. வடமொழியின் ‘ம்ருத’ என்பதும் லத்தீனின் ‘மொர்துயுஸ்’ என்பதும் உறவுச் சொற்கள். அதன் எதிர்மறையான ‘அம்ருத’ என்பதே நம் அமிர்தம், அதாவது சாவற்றது.

வழக்கமாக எதிர்கால எச்சம் இறந்தகால எச்சத்தின் அடியிலிருந்து உருவாகும். அமாதுஸ், அதாவது ‘நேசிக்கப்பட்ட’ என்பதன் அடியோடு ‘ஊருஸ்’ சேர்ந்தால் அமாதூருஸ், அதாவது ‘நேசிக்கப்போகிற’. அனுப்பப்பட்ட என்ற பொருளுடைய மிஸ்ஸுஸிலிருந்து அனுப்பப்போகிற என்ற பொருளுடைய மிஸ்ஸூருஸ். இறந்தகால வடிவம் செயப்பாட்டுப் பொருளில் இருக்க, அதன் அடியிலிருந்தே பிறந்த எதிர்கால வடிவம் செய்வினைப் பொருளில் வருவதைக் கவனியுங்கள். இந்த முறைப்படி பார்த்தால் மொர்துயுஸிலிருந்து ‘மொர்தூருஸ்’ வந்திருக்க வேண்டும். வரவில்லை. நடுவில் ஓர் இகரம் நுழைந்து மொரிதூருஸ் ஆயிற்று. இப்படி முறை பிறழ்ந்தவை சிறு கூட்டமாக இருக்கின்றன: உதித்த என்ற ஒர்துஸுக்கு ஒரிதூருஸ், பிறந்த என்ற நாதுஸுக்கு நாஸ்கிதூருஸ், ஈன்றெடுத்தலைக் குறிக்கும் வினைக்குப் பரிதூருஸ். இவற்றுள் பிறப்பு, இறப்பு, உதயம், பேறு என்று வாழ்வின் வாசல்களைக் குறிக்கும் வினைகளே மிகுந்திருப்பது கற்பவருக்கு நல்ல நினைவுக் குறிப்பாகும். நாஸ்கிதூருஸ், அதாவது பிறக்கவிருக்கும் குழந்தை, சட்ட மொழியில் இன்றும் உயிரோடிருக்கிறது. கருவிலுள்ள குழந்தைக்கு நன்மை வருமிடத்தில் அதைப் பிறந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்ற ரோமானியக் கோட்பாட்டை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

இப்போது திரிபுக்கு வருவோம். மொரிதூருஸ் என்பது ‘நல்ல’ என்ற பொருளுடைய ‘பொனுஸ்’ என்ற பெயரடையைப் போலவே எல்லா வடிவங்களையும் எடுக்கும். ஒருமையில் எழுவாயாக வரும்போது ஆணுக்கு மொரிதூருஸ், பெண்ணுக்கு மொரிதூர, மூன்றாம் பாலுக்கு மொரிதூரும். இந்தக் கடைசி வடிவத்தின் ஈற்றைத் தமிழ் உம்மை என்று மயங்க வேண்டாம். செயப்படுபொருளாக வரும்போது ஆணுக்கு மொரிதூரும், பெண்ணுக்கு மொரிதூரம். ‘உடைய’ என்ற பொருளில் மொரிதூரீ, மொரிதூரய். ‘கு’ உருபின் பொருளில் மொரிதூரோ, மொரிதூரய். நீங்கல், கருவி முதலிய பொருள்களைத் தரும் வேற்றுமையில் மொரிதூரோ, மொரிதூரா. பெண்பால் எழுவாயான மொரிதூர குறிலில் முடிய, இந்த மொரிதூரா நெடிலில் முடிகிறது. லத்தீன் அச்சில் இரண்டும் ஒரே மாதிரி தெரிவதால் மாணவர்கள் இடறுவார்கள். தமிழ் எழுத்தில் அந்த இடறல் இல்லை.

பன்மையில் எழுவாய்க்கு ஆண்பாலில் மொரிதூரீ, பெண்பாலில் மொரிதூரய், மூன்றாம் பாலில் மொரிதூர. செயப்படுபொருளுக்கு மொரிதூரோஸ், மொரிதூராஸ், மூன்றாம் பாலில் மீண்டும் மொரிதூர. உடைமைப் பொருளில் ஆணுக்கும் மூன்றாம் பாலுக்கும் மொரிதூரோரும், பெண்ணுக்கு மொரிதூராரும். மற்ற இரண்டு வேற்றுமைகளுக்கும் எல்லாப் பாலிலும் மொரிதூரீஸ் ஒன்றே.

ஆகவே கேள்வியின் கடைசிப் பகுதிக்கு விடை இது: ஒரே ஆண் நின்றால் ‘மொரிதூருஸ் தே ஸலூதத்’ என்றும், ஒரே பெண் நின்றால் ‘மொரிதூர தே ஸலூதத்’ என்றும், பெண்கள் பலர் நின்றால் ‘மொரிதூரய் தே ஸலூதந்த்’ என்றும் வரும். ஆணும் பெண்ணும் கலந்து நின்றால் ஆண்பால் பன்மையாகிய மொரிதூரீ. தமிழின் ‘-அவர்கள்’ இந்த வேறுபாட்டைக் காட்டாததால், மொழிபெயர்ப்பில் மூன்று பன்மைகளும் ‘சாகப்போகிறவர்கள்’ என்றே அமையும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லத்தீனில் பால் என்பது உயிருள்ளதா இல்லாததா என்பதைப் பொறுத்ததன்று. மரத்தைக் குறிக்கும் ‘அர்பொர்’ பெண்பால் சொல், எனவே பட்டுப்போகவிருக்கும் மரம் ‘அர்பொர் மொரிதூர’. உயர்திணை, அஃறிணை என்ற நம் பகுப்பை மனத்தில் வைத்துக்கொண்டு லத்தீன் ஈறுகளைப் படித்தால் வழி தவறும்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஓர் ஐயம் எழும். மொரிதூரீ என்பது ஆண்பால் ஒருமையின் உடைமை வடிவமாகவும் வருகிறதே, ‘சாகப்போகிறவனுடைய’ என்று ஏன் பொருள் கொள்ளக் கூடாது? விடையைத் தருவது பக்கத்தில் நிற்கும் வினை. ‘ஸலூதந்த்’ என்பதன் ‘-ந்த்’ படர்க்கைப் பன்மை ஈறு. வணங்குகிறவர்கள் பலர். அந்தப் பலரைக் குறிக்கும் எழுவாய் மொரிதூரீ மட்டுமே. எச்சத்தின் ஈற்றைத் தனியே பார்க்காமல் வினையின் ஈற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்தச் சிறிய தொடரே போதும்.

ஈறுகள் வெறும் அலங்காரமா என்று கேட்பவர்களுக்கு ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் பாடல்களைக் காட்டுவேன். முதல் தொகுதியின் 28ஆம் பாடலில், நிலத்தையும் கடலையும் எண்ணற்ற மணலையும் அளந்த ஆர்கிதாஸ் என்ற கணித அறிஞனின் கல்லறையைப் பார்த்து ஒரு குரல் பேசுகிறது. ‘உனக்கு எந்தப் பயனும் இல்லை’ என்று தொடங்கும் இடத்தில் ‘திபி’, அதாவது ‘உனக்கு’, வருகிறது. அதன் பிறகு எட்டுச் சொற்கள் கடந்து, வானத்தின் இல்லங்களைத் துழாவியதும் மனத்தால் உருண்ட வானைச் சுற்றிவந்ததும் எல்லாம் சொல்லி முடித்த பின், வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக ‘மொரிதூரோ’ வந்து விழுகிறது. அதன் ஓகார ஈறு ‘கு’ உருபைக் காட்டுவதால், அது எட்டுச் சொற்களைத் தாண்டிச் சென்று ‘உனக்கு’ என்பதைப் பிடித்துக்கொள்கிறது: சாகவிருந்த உனக்கு. வானை அளந்த பெருமையெல்லாம் ஏறி ஏறிப் போய், கடைசியில் அந்த ஒரு சொல்லில் சரிகிறது. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். ‘சாகவிருந்த உனக்கு’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தச் சரிவு போய்விடும். ‘உனக்கு’ என்று தொடங்கி, ‘சாகவிருந்தவனாகிய உனக்கு’ என்று இறுதியில் மீண்டும் சொல்லித்தான் நாம் அதை ஈடுகட்ட முடியும்.

அதே கவிஞர் இரண்டாம் தொகுதியின் மூன்றாம் பாடலில் நண்பனை ‘மொரிதூரெ தெல்லீ’ என்று விளிக்கிறார். ‘-உஸ்’ விளியில் ‘-எ’ ஆவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. இன்பத்திலும் துன்பத்திலும் மனத்தைச் சமநிலையில் வைத்துக்கொள் என்று அறிவுரை சொல்லி, தெல்லியுஸை இப்படி அழைக்கிறார். அவன் போர்க்களத்திலும் இல்லை, நோய்ப்படுக்கையிலும் இல்லை. மனிதனாகப் பிறந்ததால் என்றோ ஒரு நாள் இறக்கவிருப்பவன், அவ்வளவுதான். இங்கே ‘சாகப்போகிற தெல்லியுஸே’ என்று மொழிபெயர்த்தால் நாளையே மரணம் என்ற தவறான பொருள் வரும். ‘இறப்புக்கு உரியவனான தெல்லியுஸே’ என்பது பொருந்தும்.

இன்னொரு ரோமானியக் கவிஞரான வர்ஜிலின் ஈனியட் காவியத்தில் இதே சொல் வேறு நிறம் கொள்கிறது. இரண்டாம் காண்டத்தில் டிராய் நகரம் எரியும்போது, முதியவனான பிரியாம் மன்னன் பயனற்ற வாளைக் கட்டிக்கொண்டு பகைவர் திரளுக்குள் பாய்கிறான்: ‘தேன்ஸோஸ் ஃபெர்துர் மொரிதூருஸ் இன் ஹொஸ்தீஸ்’. இங்கே ‘மொரிதூருஸ்’ என்பது துணிவு. சாகத் துணிந்து, சாவதற்கென்றே போகிறான். நான்காம் காண்டத்தில் கார்த்தேஜ் அரசி தீதோவைக் கவிஞர் ‘மொரிதூர’ என்று மீண்டும் மீண்டும் குறிக்கிறார். தெய்வங்களைச் சாட்சிக்கு அழைக்கும்போது ‘தெஸ்தாதுர் மொரிதூர தெயோஸ்’. பின்னர் அவளே தன்னைப் பற்றி ‘க்வெம் மெதுயீ மொரிதூர’, சாகவிருந்த நான் யாருக்கு அஞ்சினேன் என்று கேட்கிறாள். விதி அவளைச் சாவுக்குக் கொண்டுபோகிறதா, அவளே சாவைத் தேர்ந்துகொண்டாளா என்ற கேள்விக்கு அந்தச் சொல் விடை தருவதில்லை. இரண்டையும் தன்னுள் வைத்திருக்கிறது. நெருங்கிய எதிர்காலம், உறுதியான எண்ணம், தப்ப முடியாத விதி ஆகிய மூன்றையும் ஒரே வடிவம் தாங்குவதால்தான் கவிஞர்களுக்கு அது அவ்வளவு உதவியது. தமிழில் மொழிபெயர்ப்பவர் சாகப்போகிற, சாகவிருக்கிற, சாகத் துணிந்த, சாவுக்கு விதிக்கப்பட்ட என்ற சொற்களுள் இடம் பார்த்து ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்தவுடன் மற்றவை இழக்கப்படும்.

காலத்தைப் பற்றியும் ஒரு முக்கியமான செய்தி. மொரிதூருஸ் காட்டும் எதிர்காலம் நம்மிடமிருந்து கணக்கிடப்படுவதன்று. வாக்கியத்தின் முதன்மை வினை நிகழும் நேரத்திலிருந்து கணக்கிடப்படுவது. ‘மொரிதூருஸ் ஸலூதாவித்’ என்றால் ‘சாகவிருந்தவன் வணங்கினான்’. வணங்கிய பொழுதில் சாவு அவனுக்கு எதிரே இருந்தது, நமக்கோ அது எப்போதோ முடிந்துபோனது. லத்தீன் வடிவம் மாறவில்லை, தமிழிலோ ‘இருக்கிற’ என்பதை ‘இருந்த’ என்று நாம் மாற்றியாக வேண்டும். இதைச் செய்யாமல் ‘சாகப்போகிறவன் வணங்கினான்’ என்று எழுதுவது பேச்சில் செல்லும், எழுத்தில் தெளிவு குறையும்.

எதிர்கால வினைமுற்றோடும் இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ‘மொரியேமுர்’ என்பது ‘சாவோம்’. ‘மொரிதூரீ ஸுமுஸ்’ என்பது ‘சாகவிருக்கிறோம்’. முதலாவது வரவிருக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. இரண்டாவதில் ‘ஸுமுஸ்’, அதாவது ‘இருக்கிறோம்’, நிகழ்காலம். இப்போது நாம் எந்த நிலையில் நிற்கிறோம் என்பதைச் சொல்கிறது. தமிழின் ‘இரு’ இங்கே லத்தீனுக்கு மிக அருகில் வருகிறது. லத்தீனில் முற்றும் எச்சமும் வடிவத்திலேயே பிரிந்து நிற்கின்றன. செந்தமிழில் அப்படி இல்லை. ‘உழுதுண்டு வாழ்வாரே வாழ்வார்’ என்ற குறளில் முதல் ‘வாழ்வார்’ பெயர், இரண்டாவது முற்று. வடிவம் ஒன்றே, இடம்தான் பிரித்துக் காட்டுகிறது.

கேட்பவர்கள் பலருக்கும் ஏற்படும் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ‘-தூருஸ்’ என்ற ஈற்றையும் ‘-ந்துஸ்’ என்ற ஈற்றையும் ஒன்றாகக் கருதக் கூடாது. முன்னது ‘செய்யப்போகிற’, பின்னது ‘செய்யப்படவேண்டிய’. ‘அழிக்கப்பட வேண்டும்’ என்று ரோமானிய அரசியல் தலைவர் காட்டோ, பகை நகரமான கார்த்தேஜைப் பற்றி வலியுறுத்தியதாகச் சொல்லும் தொடரில் வரும் ‘தேலேந்த’ பின்னதைச் சேர்ந்தது. நகரம் அழிக்கப்போகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. நாம் நாள்தோறும் பயன்படுத்தும் கடன்சொற்களே இதற்கு நல்ல பாடம். ‘செய்’ என்ற பொருளுடைய ஒரே லத்தீன் வினையின் நிகழ்கால எச்சத்திலிருந்து வந்தது ஏஜென்ட், அதாவது செய்கிறவர். இறந்தகால எச்சத்திலிருந்து வந்தது சட்டத்தைக் குறிக்கும் ஆக்ட், அதாவது செய்யப்பட்டது. ‘-ந்துஸ்’ வடிவத்தின் மூன்றாம் பால் பன்மைதான் கூட்டங்களில் நாம் வாசிக்கும் அஜெண்டா, அதாவது செய்யப்படவேண்டியவை. டேட்டா என்பது தரப்பட்டவை. ஃபியூச்சர் என்ற சொல்லோ ‘இரு’ என்ற வினையின் எதிர்கால எச்சமான ‘ஃபுதூருஸ்’, அதாவது இருக்கப்போவது. மொரிதூருஸின் உடன்பிறப்பு அது.

எச்சங்கள் அடுத்தடுத்து வருவதை ஒரே இடத்தில் பார்க்க விரும்பினால், கத்தோலிக்கரின் நம்பிக்கை அறிக்கையின் லத்தீன் வடிவத்தைப் பாருங்கள். நாதுஸ், பஸ்ஸுஸ், க்ருகிஃபீக்ஸுஸ், மொர்துயுஸ், ஸெபுல்துஸ் என்று ஐந்து இறந்தகால எச்சங்கள் வரிசையாக நிற்கும். வடிவத்தில் ஐந்தும் செயப்பாட்டு வினை போலவே இருக்கும். பொருளில் பிறந்தார், பாடுபட்டார், இறந்தார் என்ற மூன்றும் செய்வினை. சிலுவையில் அறையப்பட்டார், அடக்கம் செய்யப்பட்டார் என்ற இரண்டும்தான் உண்மையான செயப்பாட்டு வினை. தமிழ்க் கத்தோலிக்கர் செபிக்கும் வடிவத்தில் ‘பாடுபட்டு’, ‘அறையப்பட்டு’ என்ற இரண்டும் அருகருகே வருகின்றன. இரண்டிலும் ‘பட்டு’ இருக்கிறது, ஒன்றுதான் செயப்பாடு. லத்தீனின் அந்த நுட்பமான மயக்கம் தமிழிலும் தற்செயலாக அமைந்துவிட்ட இடம் இது. அதே அறிக்கையில் தீர்ப்பு வழங்க வருவதைக் குறிக்கும் ‘வெந்தூருஸ் எஸ்த்’ என்பது எதிர்கால எச்சத்தோடு ‘இருக்கிறார்’ சேர்ந்த வடிவம். தமிழில் ‘வருவார்’ என்று ஒரே முற்றால் சொல்கிறோம். பொருள் குறையவில்லை, ஆனால் ‘வரவிருக்கிறவராக இப்போதே இருக்கிறார்’ என்ற நிழல் லத்தீனில் கூடுதலாக இருக்கிறது.

எதிர்கால எச்சம் எக்காலத்திலும் இவ்வளவு ஒழுங்காக ஈறு மாறி வந்ததா என்றால், ஓரிடத்தில் இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லும்போது ‘தான் சாகப்போவதாகச் சொல்கிறான்’ என்பதற்கு ‘ஸே மொரிதூரும் எஸ்ஸெ’ என்றும், சொல்பவள் பெண்ணானால் ‘ஸே மொரிதூரம் எஸ்ஸெ’ என்றும் வரவேண்டும். ஆனால் பழைய லத்தீனில் இந்த இடத்தில் ‘-தூரும்’ என்ற ஒரே வடிவம் பால், எண் எதையும் பார்க்காமல் நின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஔலுஸ் கெல்லியுஸ் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோவின் உரை ஒன்றில், பெண்பால் சொல்லோடு ‘ஃபுதூரும்’ என்று வந்திருப்பதைப் பார்த்துப் பலர் அதைப் படியெடுத்தவரின் பிழை என்று ‘ஃபுதூரம்’ என்று திருத்தினார்களாம். அது பிழையன்று, பழைய வழக்கு என்று கெல்லியுஸ் வாதாடுகிறார். சிசரோவுக்கு முந்திய அரசியல் தலைவர் காயுஸ் கிராக்குஸின் உரையில் ‘என் பகைவர்கள்’ என்ற பன்மையோடு ‘சொல்லப்போவது’ என்ற பொருளில் ‘திக்தூரும்’ மாறாமல் நிற்பதைச் சான்று காட்டுகிறார். பழைய பிரதியில் புரியாத வடிவத்தைக் கண்டவுடன் திருத்திவிடும் பழக்கம் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. சங்கப் பாடல்களின் பாட வேறுபாடுகளோடு உழைத்தவர்களுக்குக் கெல்லியுஸின் ஆதங்கம் நன்றாகப் புரியும்.

இனி, தொடங்கிய இடத்துக்கு. அந்த வணக்கத்தை ரோமானிய வாள்வீரர்கள் ஒவ்வொரு போட்டியின் முன்னும் சொன்னதாகப் பரவலாக நம்புகிறார்கள். ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் 1859இல் தீட்டிய ஓவியம் அந்த எண்ணத்தை மேலும் ஊன்றிவிட்டது. பழைய நூல்களில் இருக்கும் சான்றோ ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு உரியது. கி.பி. 52இல், இத்தாலியின் நடுப்பகுதியிலிருந்த ஃபுகினுஸ் ஏரியை வடிப்பதற்கு முன், கிளாடியஸ் அதில் ஒரு போலிக் கடற்போர் நடத்தினான். போரிட்டவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள். அவர்கள் 19,000 பேர் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அவர்கள்தான் மன்னனைப் பார்த்து அப்படி வணங்கினார்கள் என்கிறார் பேரரசர்களின் வரலாற்றை எழுதிய சுவெட்டோனியஸ். அவர் தரும் வடிவம் ‘ஸலூதந்த்’, அதாவது ‘வணங்குகிறார்கள்’ என்ற படர்க்கை. இதே நிகழ்ச்சியைக் கிரேக்கத்தில் எழுதிய காஸ்ஸியுஸ் தியோ ‘வணங்குகிறோம்’ என்று தன்மையில் தருகிறார். இன்று ‘ஸலூதாமுஸ்’ என்ற தன்மை வடிவமும் வழங்குகிறது. எச்சத்துக்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இட வேறுபாடு இல்லாததால், வினை எதுவானாலும் மொரிதூரீ மாறாது. தமிழில் வினையாலணையும் பெயர் மூவிடத்துக்கும் உரியது என்று நன்னூல் சொல்லும். ‘வந்தேனை’ என்று தன்மையிலும் அது வரும். இந்த ஒன்றில் தமிழ் வடிவம் லத்தீனைவிட அதிகமாகச் சொல்ல வல்லது.

வணக்கத்துக்குக் கிளாடியஸ் சொன்ன மறுமொழி இரண்டே சொற்கள்: ‘அவுத் நோன்’. சொல்லுக்குச் சொல் ‘அல்லது, இல்லை’. எது இல்லை? ‘வணங்குகிறார்கள்’ என்பதை அது மறுக்கவில்லை. அது போய்த் தொடுவது மொரிதூரீ என்ற சொல்லை மட்டுமே: சாகவிருப்பவர்கள், அல்லது அப்படி இல்லாதவர்கள். எச்சம் ஒரு நிலையைக் குறிப்பதால்தான் அந்த நிலையை இப்படி ஓர் ‘அல்லது’ போட்டுத் திறந்துவிட முடிந்தது. மரணத்தின் வாசலில் நிறுத்தப்பட்டிருப்பது வேறு, மரணம் வேறு. கேட்டவர்கள் அதை மன்னிப்பு என்று புரிந்துகொண்டு, எல்லாரும் போரிட மறுத்தார்கள். மன்னன் அவர்கள் எல்லாரையும் வாளுக்கும் தீக்கும் இரையாக்கிவிடலாமா என்று வெகுநேரம் தயங்கிவிட்டு, இருக்கையிலிருந்து இறங்கி ஏரிக்கரையில் தள்ளாடி ஓடி, மிரட்டியும் வேண்டியும் அவர்களைப் போருக்கு இணங்கவைத்தான் என்று சுவெட்டோனியஸ் சொல்கிறார். குற்றவாளிகளாக இருந்தும் அவர்கள் வீரர்களின் ஊக்கத்தோடு போரிட்டார்கள், பல காயங்கள் பட்ட பின் கொன்றொழிக்கப்படாமல் விடப்பட்டார்கள் என்கிறார் டாசிட்டஸ்.

இதனால்தான் அந்தத் தொடரைத் தமிழில் தரும்போது ‘சாவோர்’ என்றோ ‘சாகப்போகிறவர்கள்’ என்றோ எழுதுவதைவிட, ‘பேரரசே வாழ்க, சாகவிருப்பவர்கள் உம்மை வணங்குகிறார்கள்’ என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன். ‘சாகப்போகிறவர்கள்’ என்பதில் முடிவு தெரிந்துவிட்ட தொனி வந்துவிடுகிறது. ‘சாகவிருப்பவர்கள்’ என்பதில் ‘இரு’ நிகழ்காலத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. மன்னனின் மறுமொழியும் அப்போது அதே ‘இரு’வின் மேலேயே அமைந்துவிடும்: ‘இல்லாமலும் இருக்கலாம்.’